சமஷ்டியாட்சியில் ஊரின் இடம்: அமெரிக்க நகரசபைகளின் இணைய வழக்கு

அரசியல் நூல் வல்லார் ஆட்சிமுறைகளை ஒற்றையாட்சி, சமஷ்டியாட்சி என இருபாற்படுத்துக் கூறுவர். ஒற்றையாட்சியில் அதிகாரமனைத்தும் நடுவணமைந்த ஓர் அரசாங்கத்தினிடத்தே தங்கும். சமஷ்டியாட்சியில் அது மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலங்களுக்குமிடையே பங்கிடப்படும். இப்பாகுபாடு தேர்வுத்தாளுக்குப் போதியதேயாயினும், குடிமகனொருவன் நாள்தோறும் எதிர்ப்படும் ஆட்சி இவ்விரண்டுள் ஒன்றன்று. அவன் வாயிலிலுள்ள தெருவைச் செப்பனிடுவதும், தெருவிளக்கை ஏற்றுவதும், குழாய்நீரை வழங்குவதும் அவனூரின் சபையே. மத்திய அரசாங்கமும் மாநிலமும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டவிடத்து ஊருக்குக் கிடைத்தது யாது என்னும் வினாவை நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

சமஷ்டியாட்சிக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படும் ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வினா அண்மைக் காலத்தில் ஓர் எதிர்பாராத பொருள்பற்றி எழுந்தது. நகரசபையொன்று தன் மக்களுக்குத் தானே கண்ணாடியிழை வடம் பதித்து, அகலப்பட்டை இணைய வசதியை அளிக்கலாமா? அளிக்கலாமெனின், அதற்கு எல்லை வகுக்கும் உரிமை யாருக்குரியது? தெனசி மாநிலத்துச் சற்றனூகா நகரமும், வட கரோலினா மாநிலத்து வில்சன் நகரமும் இவ்வினாவை மத்திய அரசாங்கத்தின் முன் வைத்தன. அவ்வழக்கின் வரலாற்றையும் அது நமக்குணர்த்தும் அரசியலுண்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், அமெரிக்க அரசியலமைப்பில் நகரங்களுக்குள்ள நிலையை நோக்குவாம். 1787இல் வரையப்பட்ட அவ்வரசியலமைப்பில் நகரம், ஊர் என்பனபற்றி ஒரு சொல்லேனும் இல்லை. 1791இல் நிறைவேறிய பத்தாவது திருத்தம், மத்திய அரசாங்கத்துக்கு அளிக்கப்படாதனவும் மாநிலங்களுக்கு விலக்கப்படாதனவுமாகிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்றது. ஊர்களின் நிலை மாநிலங்களின் விருப்புக்கே விடப்பட்டது. 1868இல் அயோவா மாநிலத்து நீதியரசர் ஜோன் டிலன் இந்நிலைக்கு ஒரு விதியை வகுத்தார். நகரசபை மாநில சட்டசபையின் படைப்பு. ஆகலின், சட்டசபை வெளிப்படையாக அளித்த அதிகாரமும் அதனின்று இன்றியமையாது பெறப்படுவதுமேயன்றி வேறெதுவும் அதற்கில்லை என்பது அவ்விதியின் சாரம். 1907இல் ஐக்கிய அமெரிக்க உச்சநீதிமன்றம் இக்கருத்தை மேலும் வலியுறுத்திற்று. அலகேனி நகரத்தை அதன் பெரிய அயலூராகிய பிற்ஸ்பேர்க்குடன் இணைக்கப் பென்சில்வேனியா மாநிலம் வழிசெய்தது. அலகேனி மக்களுட் பெரும்பாலோர் எதிர்த்தனர். எனினும் இரு நகரங்களின் வாக்குகளும் ஒன்றாகவே எண்ணப்பட்டமையால் அவர்களது எதிர்ப்புப் பயனற்றுப்போயிற்று. நகரத்தை ஆக்கவும் அழிக்கவும் மாநிலத்துக்கு உரிமையுண்டு என நீதிமன்றம் தீர்த்தது.

இந்நிலைக்கு மாற்றாக, 1875இல் மிசூரி மாநிலம் தன் அரசியலமைப்பிலேயே நகரங்களுக்கு ஓரளவு தன்னாட்சியுரிமை அளித்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அந்நெறியைப் பின்பற்றின. ஆயினும் அவ்வுரிமையும் மாநிலம் அளித்ததேயாகலின், மாநிலத்தின் சட்டத்துக்கு முன் அது பலவிடங்களில் தளர்ந்தே நின்றது.

நகரங்கள் இணையத்துறையில் இறங்கியமை திடீரென நிகழ்ந்ததன்று. அதன் வேர் மின்சார வரலாற்றில் உள்ளது. 1935இல் அமெரிக்கப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்திலொன்றே மின்வசதி பெற்றிருந்தது. வீடுகள் நெருங்காத நாட்டுப்புறங்களுக்குக் கம்பி இழுப்பதால் இலாபமில்லை எனத் தனியார் கொம்பனிகள் கருதின. தலைவர் பிராங்ளின் ரூசுவெல்ற் காலத்தில், 1933இல் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையும், 1935இல் கிராம மின்மயமாக்க நிருவாகமும் தோன்றின. பள்ளத்தாக்கு அதிகாரசபை அணைகட்டி மின்னுற்பத்தி செய்ய, நகரசபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அதனை வாங்கி மக்களுக்கு விநியோகித்தன. 1935இல் சற்றனூகா மக்கள் தமக்கெனவொரு மின்சார சபை வேண்டுமென வாக்களித்தனர். அங்கு மின்வழங்கிவந்த தனியார் கொம்பனி முதலியன நீதிமன்றம் சென்றன. 1939 ஜனவரியில் உச்சநீதிமன்றம், அரசின் போட்டியை எதிர்த்து வழக்காடும் உரிமை அக்கொம்பனிகளுக்கு இல்லையெனத் தீர்த்தது. அவ்வாண்டிலேயே அக்கொம்பனியின் சொத்துக்கள் பொதுவுடைமையாயின. சற்றனூகா மின்சார சபையும் தன் பணியைத் தொடங்கிற்று. இலாபமின்மையாற் கைவிடப்பட்ட ஊர் தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ளலாம் என்னும் மரபு இவ்வாறு நிலைபெற்றது. பின்னாளில் நகர இணையத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் கூறிய நியாயங்கள் பலவும் இம்முதற்போரிலே கூறப்பட்டனவே.

எழுபதாண்டுகளின் பின் அம்மின்சார சபையே புதிய துறையொன்றில் இறங்கியது. மின்கம்பங்கள் அதனுடையன, வாடிக்கையாளர் அதனுடையர், புயலால் மின்தடை நேருமிடத்தை உடனறிந்து மின்னோட்டத்தை வேறு வழியே திருப்பவல்ல தன்னியக்க ஆளிகளைப் பொருத்துவதற்கு அவற்றையெல்லாம் இணைக்கும் கண்ணாடியிழை வடமும் தேவைப்பட்டது. அவ்வடத்தையே வீடுகளுக்கும் நீட்டினால் இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் வழங்கலாம் என்பது சபையின் கணிப்பு. வட தொலைக்காட்சிக் கொம்பனிகள் தொடுத்த வழக்குகள் தள்ளுபடியாயின. 2008இல் ஏறத்தாழ 220 மில்லியன் டொலர் கடன்முறி வெளியிடப்பட்டது. 2009இல் மத்திய அரசின் வலுச்சத்தித் திணைக்களம் 111 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட மானியம் அளித்தது. 2010இல், ஏறத்தாழ 600 சதுரமைல் பரப்புள்ள தன் சேவைப் பகுதி முழுவதிலும், செக்கனுக்கு ஒரு கிகாபிற் வேகமுள்ள இணையத்தைச் சற்றனூகா வழங்கத் தொடங்கிற்று. அமெரிக்கப் பெருநகரங்கள் பலவற்றிலும் அக்காலத்தில் அத்தகைய வேகம் கிட்டவில்லை.

ஆனால் அவ்வசதி ஓர் எல்லைக்கோட்டில் நின்றது. நகர மின்சார சபைகள் தத்தம் மின்விநியோக எல்லைக்குள் மட்டுமே இணையம் வழங்கலாம் என 1999ஆம் ஆண்டுத் தெனசிச் சட்டம் வரையறுத்திருந்தது. தெருவின் ஒருபுறத்தார் நாட்டிலேயே மிகவிரைவான இணையத்தைப் பெற, எல்லைக்கப்பாலுள்ள அயலூரார் பழைய தொலைபேசிக் கம்பியையோ செய்மதியையோ நம்பியிருந்தனர். தமக்கும் நீட்டுமாறு அவர்கள் வேண்டியபோது, ‘விருப்பமுண்டு, உரிமையில்லை’ என்பதே சபையின் விடையாயிற்று.

வில்சன் நகரத்தின் வரலாறு சற்று வேறானது. புகையிலைச் சந்தையாற் பெயர்பெற்று, அவ்வாணிகம் நலிந்தபின் புதுத்தொழில் தேடிய நகரமது. தனியார் கொம்பனிகள் விரைவான இணையம் அமைக்க முன்வராமையால் 2008இல் அது தானே கண்ணாடியிழைச் சேவையைத் தொடங்கியது. 2011இல் வட கரோலினா சட்டசபை, தனியாரும் நகரசபையும் சமநிலையிற் போட்டியிடவேண்டும் என்னும் பெயரில் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆளுநர் பெவர்லி பேர்டியூ கையொப்பமிடாமலே அது சட்டமாயிற்று. புதிதாகத் தொடங்க விழையும் நகரங்களுக்கு அது பல தடைகளை விதித்தது. வில்சனுக்கோ, தன் கவுண்டியின் எல்லைக்கப்பால் செல்லலாகாது என வரம்பிட்டது.

மாநிலங்கள் இவ்வாறு தடைவிதித்தமைக்குக் காரணங்கள் கூறப்படாமலில்லை; அவற்றை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். நகரசபை தோல்வியுறின் இழப்பு வரியிறுப்போர் தலையில் விழும் என்பது முதலாவது. வரிவிலக்கும் மலிவான கடனும் பெறும் அரச நிறுவனத்தோடு தனியார் நேர்மையாகப் போட்டியிடல் இயலாது என்பது இரண்டாவது. முதலாவது வெற்றச்சமன்று. வேர்மொன்ற் மாநிலத்துப் பேர்லிங்ரன் நகரம் தன் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இழப்பை ஈடுசெய்யப் பொதுநிதியிலிருந்து ஏறத்தாழ 17 மில்லியன் டொலரைச் செலவிட்டமை 2009இல் வெளிப்பட்டது. கடன் கொடுத்தோர் வழக்குத் தொடுத்தனர். ஈற்றில் 2019இல் நிறுவனம் தனியாருக்கு விற்கப்பட்டது. யூற்றா மாநிலத்துப் புரோவோ நகரம் பெருங்கடன்பட்டு அமைத்த வடத்தை 2013இல் கூகிள் கொம்பனிக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டு, கடனை மட்டும் தானே சுமந்தது.

ஆயினும், நோய்க்கு ஏற்றதோ மருந்து என்று கேட்டல் தகும். வரியிறுப்போரைக் காப்பதே நோக்கமாயின், கடன்படுமுன் மக்களின் வாக்கைப் பெறுதல், மின்கணக்கையும் இணையக் கணக்கையும் வேறாக வைத்தல், ஆண்டுதோறும் கணக்குப் பரிசோதனையை வெளியிடல் என்பன அதற்குரிய வழிகள். நிலப்பரப்பில் ஓர் எல்லைக்கோடு கீறுதல் அந்நோக்கத்துக்கு உதவாது. கூடுதலான வாடிக்கையாளரைப் பெறுந்தோறும் நிறுவனத்தின் கடன்சுமை குறையுமாதலின், எல்லையிடுதல் சிலவேளை அவ்விழப்பையே மிகுவிக்கும். எல்லைக்கோட்டினால் உறுதியாக நலம்பெறுவோர் அக்கோட்டுக்கப்பால் ஏலவே வாணிகம் செய்யும் கொம்பனிகளே.

இனி, மத்திய அரசாங்கத்தின் நிலையை நோக்குவாம். 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 253ஆம் பிரிவு, எந்த அமைப்பையும் தொலைத்தொடர்புச் சேவை வழங்காதவாறு மாநிலச் சட்டம் தடுக்கலாகாது என்றது. அதன் 706ஆம் பிரிவு, உயர்ந்த தொலைத்தொடர்பு வசதி நாடெங்கும் பரவுவதற்கான தடைகளை நீக்குமாறு மத்திய செய்தித்தொடர்பு ஆணைக்குழுவைப் பணித்தது. மிசூரி மாநிலம் 1997இல் தன் நகரசபைகளைத் தொலைத்தொடர்புத் துறையினின்று விலக்கியபோது, நகரங்கள் 253ஆம் பிரிவைத் துணைக்கொண்டு வழக்காடின. ‘எந்த அமைப்பும்’ என்பதில் நகரசபையும் அடங்குமன்றோ என்பது அவற்றின் வாதம். 2004 மார்ச்சில் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்றென்னும் பெரும்பான்மையால் அதனை மறுத்தது. ஒரு மாநிலத்துக்கும் அதன் உறுப்பாகிய நகரசபைக்கும் இடையே மத்திய அரசாங்கம் புகுவதாயின், கொங்கிரசு அதனை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லியிருத்தல் வேண்டும் என நீதியரசர் டேவிட் சூற்றர் எழுதினார். நீதியரசர் ஸ்ரீவன்ஸ் ஒருவரே மாறுபட்டார். தன்னாட்சியுரிமையை முதன்முதல் நகரங்களுக்கு அளித்த மிசூரியிலிருந்தே இவ்வழக்கு எழுந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இத்தீர்ப்பின் பின் நகரங்களுக்கு எஞ்சிநின்றது 706ஆம் பிரிவு மட்டுமே. 2014 ஜூலையில் சற்றனூகாவும் வில்சனும் ஒரே நாளில் ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்தன. 2015 ஜனவரி 14ஆம் நாள் தலைவர் பராக் ஒபாமா, நகருக்குரிய வடமுள்ள அயோவா மாநிலத்துச் சீடர் போல்ஸ் நகருக்குச் சென்று, 19 மாநிலங்களில் இத்தகைய தடைகள் இருத்தலைச் சுட்டி, அவற்றை நீக்குதற்கு ஆதரவு தெரிவித்தார். அவ்வாண்டு பெப்ரவரி 26ஆம் நாள், ரொம் வீலர் தலைமையிலான ஆணைக்குழு மூவருக்கு இருவர் என்னும் வாக்கினால் விண்ணப்பங்களை ஏற்றது. நகரங்களுக்கு இணையம் வழங்கும் உரிமையை மாநிலம் அளித்தபின், அதற்கு இடும் எல்லைகள் மாநிலங்களுக்கிடையிலான தொடர்பை ஒழுங்குசெய்வனவே. அவ்வொழுங்கோ மத்திய அரசாங்கத்தின் துறை என்பது ஆணைக்குழு கண்ட நியாயம்.

தெனசியும் வட கரோலினாவும் நீதிமன்றத்தை நாடின. 2016 ஓகஸ்ற் 10ஆம் நாள், சின்சினாற்றியிலுள்ள ஆறாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவின் கட்டளையைத் தள்ளியது. தன் அரசியலுட்பிரிவுகளின் எல்லையை வகுக்கும் மாநிலத்தின் உரிமையிற் கைவைக்க ஆணைக்குழுவுக்குத் தெளிவான அதிகாரம் 706ஆம் பிரிவில் அளிக்கப்படவில்லை என நீதியரசர் ஜோன் றொஜேர்ஸ் தீர்ப்பெழுதினார். நகரங்கள் இணையம் வழங்குதல் நன்றா தீதா என்பதைத் தாம் ஆராயவில்லை. யார் தீர்மானிப்பது என்பதையே ஆராய்ந்தனர் என்பதும் தீர்ப்பினின்று பெறப்படும். ஆணைக்குழு மேன்முறையீடு செய்யவில்லை.

சட்டவாதம் இவ்வாறு முடிவுற்றது. ஆயின் அதன் விளைவை ஏற்றவர் வட கரோலினாவிலுள்ள பைன்ரொப்ஸ் என்னும் சிற்றூரார். 1,300 பேர் அளவினர் வாழும் அவ்வூருக்கு வில்சன் ஏலவே மின்சாரம் வழங்கிவந்தது. ஆணைக்குழுவின் கட்டளையை நம்பி 2016 ஏப்பிரிலில் இணையத்தையும் அளித்தது. நான்கே திங்களில் தீர்ப்பு வந்தது. ஒரே கம்பத்தில் ஒரே சபையார் கட்டிய இரு வடங்களுள் மின்கம்பி சட்டத்துக்கு உடன்பாடு. கண்ணாடியிழை சட்டத்துக்கு மாறு என்னும் நிலை தோன்றிற்று. அயலிலுள்ள வற்றாளைக் கிழங்குப் பண்ணையொன்றும் தன் பொதிசெய்யும் இயந்திரங்களுக்கு அச்சேவையை நம்பியிருந்தது. ஒக்ரோபரில் மத்தியூ என்னும் சூறாவளி அப்பகுதியை வெள்ளக்காடாக்கியது. சேவையை விற்றலையே சட்டம் தடுத்தது; ஆகவே சில காலத்துக்கு இலவசமாகக் கொடுப்பது என வில்சன் நகரசபை முடிவுசெய்தது. அயலூராரைக் கைவிடாத அச்செயல் போற்றத்தக்கதே. எனினும், விலைகொடுத்துப் பெறுதற்குரிய ஒன்றைத் தானமாகவே பெறவேண்டிய நிலைக்கு ஓரூரைத் தள்ளும் சட்டம் நல்ல சட்டமாகுமா? 2017இல் மாநில சட்டசபை பைன்ரொப்சுக்கும் அப்பண்ணைக்கும் விலக்களித்தது. ஆனால் தனியார் கொம்பனியொன்று அங்கு கண்ணாடியிழை கொணரும்வரை மட்டுமே என நிபந்தனையும் இட்டது.

தெனசி சட்டசபை 2017இல் கூட்டுறவு மின்சார சங்கங்களுக்கு இணையம் வழங்கும் உரிமையளித்து, 45 மில்லியன் டொலர் அளவில் மானியமும் வரிச்சலுகையும் ஒதுக்கியது. ஆயினும் நகர மின்சார சபைகளுக்கு வகுத்த எல்லையை நீக்கவில்லை. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சற்றனூகா மின்சார சபையும் கல்வியதிகாரிகளும் பிறரும் ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ 28,000 வறிய மாணாக்கருக்கு இலவச இணையம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். ஊருக்குரிய வடத்தின் பயனை ஊரார் அப்போது கண்கூடாகக் கண்டனர்.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. கொலராடோ மாநிலம் 2005இலேயே தடைச்சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் ஊர்மக்கள் வாக்களித்து விலகிக்கொள்ள அச்சட்டம் இடந்தந்தது. லோங்மொன்ற் நகரில் 2009இல் வாக்கெடுப்புத் தோற்றது, 2011இல் வென்றது. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களும் கவுண்டிகளும் அவ்வழியே சென்றன. ஈற்றில் 2023இல் மாநில சட்டசபை தானே அத்தடையை நீக்கிற்று. அதற்கு முன் 2021இல் வாஷிங்ரன் மாநிலமும் ஆர்க்கன்சோவும் தம் தடைகளைத் தளர்த்தின. 2024இல் மினசோற்றாவும் அவ்வாறே செய்தது. 2021ஆம் ஆண்டு உட்கட்டமைப்புச் சட்டத்தின் வழியாக மத்திய அரசாங்கம் அகலப்பட்டை இணையத்துக்கு 42.45 பில்லியன் டொலர் ஒதுக்கியபோது, நிதிபெறும் தகுதியினின்று உள்ளூராட்சிகளை மாநிலங்கள் விலக்கலாகாது என விதித்தது. ஆயின் மாநிலங்களின் தடைச்சட்டங்களை அது துடைத்தெறியவில்லை. இருபதாண்டு வாதத்தின் பின்னும் கொங்கிரசு அத்தெளிவான சொல்லைச் சொல்லவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறுவன யாவை? முதலாவது, இவ்வழக்கில் இரு கட்சியாரும் உள்ளூர் உரிமை என்னும் ஒரே கொடியின்கீழ் நின்றனர். வாஷிங்ரன் நகரத்திலிருந்து வரும் கட்டளையினின்று தம்மைக் காக்கவேண்டுமென்றன மாநிலங்கள். மாநிலத் தலைநகரிலிருந்து வரும் கட்டளையினின்று தம்மைக் காக்கவேண்டுமென்றன நகரங்கள். மேலுள்ளாரிடம் உரிமை கேட்கும் நா, கீழுள்ளார்க்கு அதனை மறுக்கவும் வல்லது. ஆகவே, உள்ளூர் உரிமை என்று ஒருவர் முழங்குமிடத்து, எந்த ஊர், யாருடைய உரிமை என்று வினவுதல் மாணாக்கர் கடனாகும்.

இரண்டாவது, மேலிருந்து அருளப்பட்ட உரிமை நிலையற்றது. 2015இல் மூவர் வாக்கினாற் கிடைத்ததை, வேறு மூவர் வாக்கினால் இழத்தலும் கூடும். 2015இல் எதிர்த்து வாக்களித்த இருவருள் ஒருவராகிய அஜித் பாய் 2017இல் ஆணைக்குழுவின் தலைவராயினர் என்பதை நோக்கின், நீதிமன்றம் குறுக்கிட்டிராவிடினும் அக்கட்டளை நெடுங்காலம் நிலைத்திருக்குமென்று உறுதி கூறல் அரிது. கொலராடோவில் ஊரூராக வாக்கெடுத்துப் பெற்றதோ, மாநிலச் சட்டத்தையே மாற்றும் வலிமை பெற்றது. முன்னது விரைவானது, பின்னது மெதுவானது, நிலைத்தது பின்னதே.

மூன்றாவது, நீதிமன்றத்தின் முடிவு சட்டநெறிக்கு இசைந்ததே எனினும், சட்டநெறி ஒரு குறையுடைத்து என்பதை அது காட்டிற்று. இருநூறாண்டுகளுக்கு மேலாக அதிகாரத்தை இருவருக்கிடையே நுணுகிப் பங்கிட்டுவந்த ஓர் அரசியலமைப்பு மூன்றாமவரை மறந்துவிட்டது. அதன் பயனாய், தன் பணத்தில், தன் கம்பத்தில், தன் அயலார் வேண்டுகோளின்படி ஒரு வடத்தை நீட்டவும் உரிமையில்லாததாய் நகரம் நின்றது. அதிகாரப் பகிர்வைப்பற்றிச் சிந்திக்கும் எந்நாட்டவரும் இதனைக் கருதுதல் நன்று. தலைநகரத்திலிருந்து புறப்பட்ட அதிகாரம் மாகாணத்தின் வாயிலோடு தங்கிவிடுமாயின், பாதிவழி வந்த நீரையே அது ஒக்கும். வாய்க்கால் வெட்டியாயிற்று, பயிர் நனையவில்லை.

ஊர்ச்சபை தவறிழைக்காதென்பது நம் கருத்தன்று. பேர்லிங்ரனும் புரோவோவும் அதற்குச் சான்று. ஆயினும் தவறிழைத்த சபையாரை ஊரார் தெருவிற் கண்டு கணக்குக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் அகற்றலாம். எட்டாத தொலைவிலுள்ளோர் விதித்த தடையை அவ்வாறு கேட்டல் எளிதன்று. பொறுப்பு யாரிடம் உள்ளதோ அவரிடமே உரிமையும் இருத்தல் வேண்டும் என்பது ஆட்சியியலின் பழைய பாடம். அப்பாடம் மின்கம்பிக்குப் பொருந்தியவாறே கண்ணாடியிழைக்கும் பொருந்தும் என்பதைச் சற்றனூகாவும் வில்சனும் பைன்ரொப்சும் நமக்கு நினைவூட்டுகின்றன.